ஒட்டி வச்ச பக்கங்கள்

அந்த நாவலை எனக்குப் பிடிக்காது. பிடிக்காதுன்னா சும்மா இல்ல. யாராவது அதப் புகழ ஆரம்பிச்சா எழுந்து போயிடுவேன். தமிழ்ல நாவல்னா அதுதான்னு சொல்ற ஆளுங்க இந்த நாட்டுலயும் நெறைய இருக்காங்க. சொல்லிட்டுப் போகட்டும். பதினேழு வயசுல ஒரு எழுத்து விடாம அதப் படிச்சவ நான். எனக்குத் தெரியாதா?

கதை ரொம்பச் சின்னது. ஒரு நெசவுக்காரன், அவன் பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. முதல் பாதியில அவ நல்லாத்தான் இருக்கா. சமைக்கிறா, நூல் சுத்துறா, தொட்டில் ஆட்டுறா, புருஷன்கிட்ட வாயாடுறா. ஒரு பக்கத்தத் திருப்பினா, பைத்தியம்! தெருவுல தேர் வந்தா ஓடிப்போய்க் கதவைச் சாத்துறா. மேளம் கேட்டாக் காதப் பொத்திக்கிறா. புருஷனுக்குச் சோறு போட மறந்துட்டு அடுப்பையே பாத்துக்கிட்டு நிக்கிறா. குழந்தையப் பத்திப் பேச்சே இல்ல. ஏன், என்ன ஆச்சு? ஒண்ணும் கிடையாது. எழுதினவனுக்கு ஞாபக மறதின்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரம் படிக்கிறப்ப தமிழ் வாத்தியார், ஆளுக்கு ஒரு புத்தகத்தப் பத்தி எழுந்து பேசச் சொன்னாரு. நான் எழுந்து இதத்தான் சொன்னேன். காரணமே இல்லாம ஒரு பொம்பளயப் பைத்தியமாக்கினது நாவலா, இதுக்கு எதுக்கு இவ்ளோ பேருன்னு கேட்டேன். வகுப்பே சிரிச்சுது. வாத்தியார் மட்டும் சிரிக்கல. "நீ முழுசாப் படிக்கல. படிச்சிட்டு வந்து பேசு"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! ராத்திரியும் பகலுமா உக்காந்து படிச்சவளப் பாத்து முழுசாப் படிக்கலயாம். அதோட சரி. அந்தப் புத்தகத்தையும் தொடல, அந்த வாத்தியார்கிட்டயும் சரியாப் பேசல. யாரு அதப் பத்தி வாயெடுத்தாலும் எழுந்து போயிடுவேன்னு சொன்னேன் இல்ல? அதனால யாரும் எனக்கு விளக்கம் சொல்றதுக்கும் வழியில்லாமப் போச்சு.

நான் படிச்ச புத்தகம் எங்க தோட்டத்துக் கோயில் பக்கத்து அறையில, ஒரு மர அலமாரியில இருந்துச்சு. தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துக்கே பொது. அந்தக் காலத்துல பறிச்ச கொழுந்த எடை போட்டுட்டு வந்த பொம்பளைங்க, சாயங்கால மழைக்கு ஒதுங்கி அந்த அறையில உக்காருவாங்க. தடுமாறாம வாசிக்கத் தெரிஞ்சவங்க எங்கம்மாதான். அவங்க வாசிக்க, மத்தவங்க கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேப்பாங்க. இந்த நாவலும் அங்க வாசிச்சதுதான். எங்க மலையில மழையும் பனியுமா எல்லாம் நசநசன்னு இருக்கும். துணி காயாது, அப்பளம் பொரியாது, புத்தகம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனால அந்தப் புத்தகத்து நடுவுல அட்டை மாதிரி வெறப்பா ஒரு தாள் இருந்தப்ப, அத நான் கண்டுக்கவே இல்ல. ஈரம் பட்டுக் காஞ்ச தாளுன்னு நெனச்சுக்கிட்டுத் திருப்பிட்டுப் போயிட்டேன்.

இனி என் மகளப் பத்திச் சொல்லணும்.

எனக்கு ஒரே மக. அவங்கப்பா போய்ச் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. நான் தோட்டத்து டீக்கடையில கேக் வெட்டுறேன். டூரிஸ்டுங்க வந்து கண்ணாடி வழியாத் தேயிலையப் பாத்துக்கிட்டே டீ குடிப்பாங்களே, அந்தக் கடை. மருமகன் லோரி ஓட்டுறாரு. சாயங்காலம் கோலா தெர்லாவுல காய்கறி ஏத்திக்கிட்டுக் கீழ போனா, மறுநாள் காலையிலதான் வீடு. பகல்ல முன் அறையில போர்வைய இழுத்து மூடிக்கிட்டுத் தூங்குவாரு. அதிகம் பேசாத மனுஷன். பத்து கேள்வி கேட்டா ஒண்ணுக்குப் பதில் வரும்.

முதல் தடவ என் மக உண்டாகி இருந்தப்ப, ஒரு சனிக்கிழமை பிரிஞ்சாங் பசார் மாலாமுக்கு, அதான் ராத்திரிச் சந்தைக்குப் போயிட்டு ஒரு சின்னப் பையோட வந்தா. பிரிச்சுக் காட்டினா. கம்பளித் தொப்பி. மஞ்சள் நிறம், உச்சியில ஒரு குஞ்சம். எனக்குப் பகீர்னுச்சு. புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி எங்கள்ல ஒரு துண்டுத் துணிகூட வாங்க மாட்டோம். பழைய வேட்டியக் கிழிச்சு வைப்போம், அவ்ளோதான்.

"ஏன்டி, புத்தி இருக்கா உனக்கு? பொறக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் வாங்குவாங்களா? எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"ன்னு கத்திட்டேன்.

"குளிருமேம்மா, பாவம் லா"ன்னு சொல்லிக்கிட்டே அதக் கொண்டுபோய் அலமாரியில வச்சா.

ஒன்பதாம் மாசம் வயித்துல அசைவு நின்னுபோச்சு. கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆம்பளப் புள்ள. உசுரு இல்ல. மயக்கத்துல இருந்த அவ, புள்ள முகத்தக்கூடப் பாக்கல. எங்க வழக்கத்துல அப்படிப்பட்ட புள்ளய வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாங்க, பொம்பளைங்க கூடப் போகவும் மாட்டாங்க. மருமகனும் லயத்து ஆளுங்க ரெண்டு மூணு பேரும் தேயிலைக்கு மேல இருக்கிற இடுகாட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டு வந்தாங்க. மருமகன் குளிச்சிட்டு வந்து ஒரு ஓரமா உக்காந்தவரு, அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. நானும் கேக்கல.

மக ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்கு முன்னாடி அந்தத் தொப்பிய எடுத்துக் கண்ணு மறைவாப் போட்டுடலாம்னு அலமாரியத் தொறந்தேன். அங்க இல்ல. எங்க வச்சாளோன்னு விட்டுட்டேன். லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்: அவ முன்னால யாரும் அந்தப் புள்ளயப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. யாரும் தொறக்கல. அவளும் தொறக்கல. பரவால்ல, தேறிட்டான்னு நெனச்சேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி உண்டானா. அஞ்சு மாசத்துலயே பிரஷர் ஏற ஆரம்பிச்சுது. படுத்தே இருக்கணும், எறங்கலன்னா ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதுதான்னு கிளினிக் நர்ஸ் சொல்லிட்டாங்க. அதே ஆஸ்பத்திரி. அந்தப் பேரக் கேட்டாலே இவ வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுவா. ஃபோனக் கையில குடுத்தா, புள்ள செத்துப்போன தாய்மாருங்க வீடியோவாத் தேடித் தேடிப் பாக்குறா. பிடுங்கி வச்சேன். சோறு ரெண்டு வாய், அதுக்கு மேல எறங்கல. சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருப்பா. இந்தப் புள்ளயாச்சும் தங்கணுமேன்னு நான் கும்பிடாத சாமி இல்ல.

"எதாச்சும் படிச்சுக் காட்டவா பாப்பா?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"நீ எந்நேரமும் திட்டுவியே ஒரு நாவல், அதப் படி"ன்னா.

"அந்தக் கருமம் எதுக்கு? வேற நல்லதா எவ்ளோ இருக்கு."

"நீ இவ்ளோ திட்டுற அளவுக்கு என்னதான் இருக்குன்னு பாக்கணும் லா"ன்னு லேசாச் சிரிச்சா. அவ சிரிச்சு எத்தன நாளாச்சு! அதுக்காகவே போய்க் கோயில் அலமாரியில இருந்து எடுத்துக்கிட்டு வந்தேன். தூசி தட்டினா தும்மல் நிக்கல. மதியம் வேலை முடிஞ்சு வந்து, மழை பிடிக்கிற நேரத்துல கட்டில் பக்கத்துல உக்காந்து வாசிக்க ஆரம்பிச்சேன். முன் அறையில மருமகன் தூங்கிக்கிட்டிருப்பாரு.

என்னன்னு சொல்றது! நல்லா இருந்துச்சு. பதினேழு வயசுல வேகவேகமாத் தாண்டிப் போன இடமெல்லாம் இப்ப என்னை நிறுத்துச்சு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு சண்டை வரும். ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. ஆனா அவன் தறியில உக்காந்தா, நூல் அறுந்தா இவ பேசாம வந்து முடிஞ்சு குடுத்துட்டுப் போவா. எங்க வீட்டுக்காரரும் நானும் அப்படித்தான் சண்டை போடுவோம். சின்ன வயசுல அது எனக்கு எப்படிப் புரியும்? "எழுதியிருக்கான்யா"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். மக என்னைப் பாத்துக் கிண்டலா, "என்ன, கட்சி மாறுற?"ன்னா. அன்னைக்கு ரெண்டு இட்லி கூடத் தின்னா.

தொட்டில் ஆட்டுற இடம் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த வெறப்பான தாள். அதத் திருப்பினா, தேர் வருது, இவ ஓடிப்போய்க் கதவச் சாத்துறா.

"பாத்தியா? நான் சொன்னேன் இல்ல? இங்கதான் கெடுத்தான் பாவி. நல்லா இருந்தவளுக்குத் திடீர்னு என்ன கேடு?"ன்னு ஆரம்பிச்சேன்.

மக எட்டிப் புத்தகத்தப் பாத்தா. "அம்மா, நடுவுல எதயோ விட்டுட்ட"ன்னா.

"ஒண்ணும் விடல."

"பக்கத்து நம்பரப் பாரு."

பாத்தேன். எண் தாவிப் போயிருந்துச்சு. அவ கையை நீட்டி அந்த அட்டைத் தாள ரெண்டு விரலால தடவினா. "இது ஒரு தாள் இல்லம்மா. ஒட்டியிருக்கு"ன்னா. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சொன்னா: "அவ புள்ள செத்துப்போச்சும்மா. வேற என்ன?"

எனக்கு அப்பதான் அது ஞாபகம் வந்துச்சு. ரொம்பச் சின்னப் புள்ளயா இருந்தப்ப எங்கம்மா அடுப்புல மைதாப் பசை காய்ச்சிக்கிட்டிருந்தாங்க. கோயில் தோரணத்துக்குன்னு நெனச்சு நான் விரல விட்டு வழிச்சு நக்கினேன், முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. தோரணம் ஒண்ணும் ஒட்டல. ஏதோ புத்தகத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கேக்க வந்து உக்காருற பொம்பளைங்கள்ல எப்பவும் ஒருத்தியாச்சும் வயித்துப்புள்ளக்காரியா இருப்பா. அவ காதுல சாவு விழக்கூடாதுன்னு எங்கள்ல வழக்கம். எழவு வீட்டுக்குப் போகக்கூடாது, சங்கு ஊதினா உள்ள போயிடணும். அந்த வழக்கத்துக்காகத்தான் எங்கம்மா அந்தப் பக்கங்கள ஒட்டியே வச்சிருக்காங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்து கோவமா வந்து இந்த நாவலத் திட்டினப்பகூட, "சில கதை அப்படித்தான்"னு சொல்லிட்டு அடுப்ப ஊத ஆரம்பிச்சுட்டாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுகிட்ட எதுக்குன்னு நெனச்சாங்களோ என்னமோ.

"பிரிச்சுப் படிம்மா"ன்னா மக.

"வாயக் கழுவு. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டுக் கேக்குற பேச்சா இது?"ன்னு புத்தகத்த மூடிட்டேன்.

அவ சண்டை போடல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. சாப்பாடு மறுபடி ரெண்டு வாய்க்கு வந்துச்சு. அடுத்த தடவ கிளினிக்குல பிரஷர் இன்னும் ஏறியிருந்துச்சு. இந்த வாரம் எறங்கலன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் படுத்தவ, போர்வையத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டா.

மறுநாள் எனக்கு லீவு. அவ தூங்கினதும் இட்லிப் பானைய வச்சு ஆவி கிளம்பினப்புறம் அந்தத் தாள அதுல காட்டினேன். அத்தன வருஷத்துப் பசை, இளகிக் குடுத்துச்சு. வெண்ணெய்க் கத்திய நுழைச்சு மெதுவாப் பிரிச்சேன். நின்னுக்கிட்டேதான் படிச்சேன். குழந்தைக்கு ஜுரம், ரெண்டே நாள்ல போயிடுது. அது பெரிசில்ல. அதுக்கு முந்தின நாள் ஊரெல்லாம் வேணாம்னு சொல்லியும், அவ புள்ளயத் தூக்கிக்கிட்டுத் தேர் பாக்கப் போயிருக்கா. தன்னாலதான் புள்ள போச்சுன்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டா. அத யார்கிட்டயும் சொல்லல. ஏன்னா அவ முன்னால யாரும் அந்தப் புள்ளயப் பத்திப் பேசறதே இல்ல. மாமியார் தொட்டில அவுத்து ஒளிச்சிட்டா. அக்கம்பக்கத்துக்காரங்க வேற பேச்சு பேசுறாங்க. புருஷன் தறிய விட்டு எழுந்திரிக்கிறதே இல்ல. எல்லாரும் நல்லவங்க. நல்லவங்களாச் சேந்துதான் அவள அந்த நெலமைக்குக் கொண்டுவந்தாங்க.

அடுப்படியிலேயே உக்காந்துட்டேன். அழுகைன்னா அப்படி ஒரு அழுகை. அந்த மாமியார எனக்கு நல்லாத் தெரியும். அவ நான்தான்.

மதியம் மழை பிடிச்சுது. "எழுந்து உக்காரு பாப்பா, விட்டத வாசிக்கிறேன்"னேன். அவ நம்பாமப் பாத்தா. தலையணைய முதுகுக்கு வச்சுக் குடுத்தேன். எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேக்காத ஆள் இருக்க மாட்டாங்க. ஆனாலும் வாசிச்சேன், ஒரு வரி விடல. தேர் பாக்கப் போனதாலதான்னு அவ நெனச்சுக்கிற இடம் வந்தப்ப, மக என் கையைப் பிடிச்சா.

"நான் அந்தத் தொப்பிய வாங்கினதாலதானேம்மா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. புரிஞ்சதும் அவ கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். "ஐயோ, இல்லடி தங்கம், யாரு சொன்னா?"ன்னேன்.

"நீதாம்மா சொன்ன. பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினா எதாச்சும் ஆகும்னு நீதானே சொன்ன? நான் வந்து பாக்குறேன், தொப்பி அங்க இல்ல. நீயே எடுத்து எறிஞ்சிட்ட. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"நான் எடுக்கலடி! சத்தியமா எடுக்கல!"

"அப்புறம் எங்க போச்சு?"

ரெண்டு வருஷமா இந்தப் பொண்ணு இந்த நெனப்போடயா சோறு தின்னுச்சு, என் முகத்தப் பாத்துச்சு? ஏதேதோ சொன்னேன். அது சும்மா பழைய வழக்கம், அதுல ஒண்ணும் இல்லன்னேன். அவ தலைய ஆட்டிக்கிட்டே இருந்தா. நான் சொல்றது எதுவும் அவ காதுல ஏறல.

"தொப்பி எங்கிட்டதான் இருந்துச்சு."

திரும்பிப் பாத்தோம். மருமகன் வாசப்படியில நின்னாரு, தோள்ல போர்வையோட. தூங்கறாருன்னு நெனச்ச மனுஷன் இத்தன நாளும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்திருக்காரு.

"இடுகாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து நான்தான் எடுத்தேன். பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போனேன்"னாரு. அப்புறம் என்னைப் பாத்து, ஏதோ தப்புப் பண்ணினவர் மாதிரி, "மேல ரொம்பக் குளிரா இருந்துச்சு அத்த. போட்டுத்தான் படுக்க வச்சோம்"னாரு.

மக அவரையே பாத்துக்கிட்டிருந்தா.

"அளவு சரியா இருந்துச்சா?"ன்னு கேட்டா.

"கொஞ்சம் பெருசு. கண்ண மறைச்சுச்சு. நான் மேல தூக்கி விட்டேன்."

"முகம்?"

"உன்ன மாதிரிதான். மூக்கு மட்டும் அத்த மாதிரி."

அவ அழுதா. ஆஸ்பத்திரியில அழாதவ, வீட்டுக்கு வந்து அழாதவ, அன்னைக்கு அவர் சட்டையப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதா. அவரும் அழுதாரு. எனக்கு அங்க வேலை இல்லன்னு எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன். என் மூக்கத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு ஒரு பேரன் இருந்தான்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

கொஞ்சம் அடங்கினப்புறம் டீ போட்டுக்கிட்டு வந்தேன். "மாப்ள, இந்தச் சனிக்கிழமை பிரிஞ்சாங் பக்கம் போவீங்களா?"

"போவேன் அத்த. என்ன வேணும்?"

"ஒரு தொப்பி வாங்கிட்டு வாங்க."

ரெண்டு பேரும் என்னையே பாத்தாங்க. "இப்பவேவா?"ன்னாரு மெதுவா.

"இப்பவேதான். கொஞ்சம் சின்னதாப் பாத்து வாங்குங்க"ன்னேன். சொல்லும்போது எனக்கே பயந்தான். ஆனா சொல்லிட்டேன்.

அவர் கியா பார்ம் ரோட்டோரக் கடையிலேயே மறுநாள் வாங்கிட்டு வந்துட்டாரு, சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கல. சிவப்புத் தொப்பி. மக அதத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டா. பிரஷர் ஒரே நாள்ல எறங்கிடல, ஆனா நர்ஸ் எழுதிக் குடுக்கிற அளவுக்கு ஏறவும் இல்ல. சாப்பிட ஆரம்பிச்சா. மிச்ச நாவலையும் முழுசா வாசிச்சோம். கதவச் சாத்துறதும், காதப் பொத்துறதும், அடுப்பப் பாத்துக்கிட்டு நிக்கிறதும் ஒவ்வொண்ணா வந்தப்ப நான் ஒண்ணும் திட்டல. கடைசியில ஒரு வருஷம் தேர் வரும்போது அவ கதவைப் பாதி தொறந்து வைக்கிறா. அவ்ளோதான் முடிவு. பதினேழு வயசுல அதப் படிச்சிட்டு, "இதெல்லாம் ஒரு முடிவா?"ன்னு தூக்கிப் போட்டேன். இப்ப சொல்றேன், பெரிய நாவல்தான் அது. எழுதின மகராசன் என்னை மன்னிக்கணும், அந்த வாத்தியாரும்.

புத்தகத்தக் கோயில் அலமாரியில திரும்ப வச்சிட்டேன். அந்தப் பக்கங்கள மறுபடி ஒட்டல.

அந்தச் சிவப்புத் தொப்பி இப்ப என் பேத்தி தலைக்குப் பத்தல.